ஒரு பழைய மோட்டார் வண்டியின் நோயாராய்ச்சி

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் யாம் மோட்டார் எஞ்சினைப்பற்றி எழுதப் புகுவது சிலருக்குப் பொருந்தாச் செயலாகத் தோன்றக்கூடும். முத்துக்குளித்தலைப்பற்றி எழுதுக என்றே எம் நண்பர் பலரும் எமக்குக் கூறினர். பெரிய அளவிலான முத்துக்குளித்தல் இக்கடலில் 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அதன் பெருமையை எழுதுவோர் இன்றுவரை குறைந்தபாடில்லை. பழைய வண்டிகளோ எனின், தூத்துக்குடியிலும் அதனைச் சூழ்ந்த கரையூர்களிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றால் பிழைப்போரும், அவற்றை நம்பி மருத்துவமனைக்குச் செல்வோரும் உளர். அவற்றைப்பற்றித் தமிழில் எழுதுவார் அரியர். ஆதலின் யாம் இப்பொருளை மேற்கொண்டோம்.

எம் பாட்டனாரிடம் 1984ஆம் ஆண்டு செய்யப்பட்ட அம்பாசிடர் வண்டி ஒன்று உளது. இவ்வகை வண்டியை வங்காளத்தில் உத்தரபாரா என்னும் இடத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் 1950களின் இறுதியிலிருந்து 2014 மே மாதம் வரை செய்துவந்தனர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியே இதன் மூலம். எம் வண்டியில் உள்ளது 1489 கன சென்டிமீட்டர் அளவுள்ள, நான்கு சிலிண்டர் கொண்ட பெட்ரோல் எஞ்சின். பள்ளி ஆசிரியராயிருந்து ஓய்வுபெற்ற பாட்டனார் தம் சேமிப்பைக்கொண்டு அதனை வாங்கினாராம். எம் அன்னையார் திருமணத்திற்குச் சென்றதும், யாம் பிறந்து மூன்றாம் நாள் வீடு வந்ததும் அவ்வண்டியிலேதான்.

பழையகாயலுக்கு அப்பால் உள்ள எம் சிற்றூரிலிருந்து தூத்துக்குடி இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவு. எம் பாட்டியாருக்குச் சிறுநீரகம் பழுதுற்றமையால், வாரத்தில் செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாளும் நகரத்து மருத்துவமனை ஒன்றில் டயாலிசிஸ் செய்யவேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். முடிந்து வெளிவருங்கால் அவர்களுக்கு நிற்கவும் வலிவிராது. பஸ்ஸில் ஏற்ற இயலாது. வாடகை வண்டிக்கு வாரத்தில் மூன்று நாள் கொடுக்கப் பாட்டனாரின் ஓய்வூதியம் இடந்தராது.

கடந்த 2025 மே மாதம் விடுமுறைக்கு யாம் ஊர் சென்றிருந்தபோது அவ்வண்டி இரண்டு குற்றங்களைக் காட்டிற்று. காலையில் குளிர்ந்த நிலையில் முதல் திருகலிலேயே கிளம்பும். ஓடி வெம்மையேறியபின் பத்து அல்லது பதினைந்து நிமிடம் நிறுத்திவைத்தால் மீண்டும் கிளம்பாது. இஃது ஒன்று. வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் மெல்ல ஓடும் நிலையில், குளிர்காய்ச்சல் கண்டவன்போல் நடுங்கும். சில வேளை அணைந்தும் போகும். இது மற்றொன்று. இந்நிலையைப் பட்டறையார் ‘ஐடிலிங்’ என்பர். யாம் ‘நிலையோட்டம்’ என்று ஒரு சொல் படைத்து, வேலைசெய்யும் தோழர்களிடம் சொல்லிப்பார்த்தோம், ஒருவரும் பொருட்படுத்தவில்லை. ஆகவே இக்கட்டுரையில் அவர்கள் சொல்லே நிற்கட்டும்.

அம்மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, டயாலிசிஸ் முடிந்து திரும்புகையில் மருந்துக்கடைமுன் வண்டியை நிறுத்தினோம். யாம் இறங்கி மருந்து வாங்கிவரப் பதினைந்து நிமிடமாயிற்று. அதன்பின் வண்டி கிளம்பவில்லை. பின்னிருக்கையில் பாட்டியார் கண்மூடிச் சாய்ந்திருந்தார்கள். நண்பகல் வெயில், வண்டிக்கூரை தொடமுடியாதபடி கொதித்தது. நாற்பது நிமிடத்திற்குமேல் சென்றே எஞ்சின் உயிர்பெற்றது. அடுத்த சனிக்கிழமை உப்பளங்களின் நடுவே, பாட்டியாருக்குக் குமட்டல் வந்தமையால் நிறுத்த நேர்ந்தது. அங்கும் அவ்வாறே ஆயிற்று. மலைநாட்டார் இத்தகைய வண்டியைச் சரிவில் உருட்டிக் கிளப்புவர். எம் கரையிலோ உப்புப்பாத்திக்கு வெட்டிய வரப்பைத் தவிர வேறு மேடு ஏது? அளத்தில் வேலை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த பெண்மக்கள் அறுவர் கூடைகளை இறக்கிவைத்துத் தள்ளினர். இருபது அடி உருண்டதும் வண்டி கிளம்பிற்று. இந்நிகழ்ச்சியை வாசகர்கள் நினைவிற் கொள்க. பின்னர் இது பெரிதும் பயன்படும்.

பட்டறை ஒன்றில் காட்டினோம். காலையில் குளிர்ந்த வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் அது முதல் திருகலிலே கிளம்புகிறது. அவர்கள் நோயைக் காண்பது எங்ஙனம்? ஆயினும் நான்கு பிளக்குகளை மாற்றினர்; பாயிண்டை மாற்றினர்; கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிப் பூட்டினர். மூன்று முறை பணங்கொடுத்தும் பயனில்லை. முடிவில், “எஞ்சின் தேய்ந்துவிட்டது, பழைய இரும்புக்குத் தள்ளிவிடுங்கள்” என்றனர். அன்றிரவு பாட்டனார் உணவு கொள்ளவில்லை.

பெட்ரோல் எஞ்சின் ஒன்று கிளம்புதற்கு வேண்டியன மூன்று. உரிய காலத்தில் வலிய தீப்பொறி. காற்றோடு அளவாகக் கலந்த பெட்ரோல். அக்கலவையை வெளிவிடாது அடைத்து நெருக்கும் சிலிண்டர். இவற்றுள் எது, எந்த நேரத்தில் குறைகிறது என்று காண்பதே முதல் வேலை. இதற்குமுன் எதனையும் கழற்றலாகாது. செய்யுளைப் பதம் பிரிக்குமுன் உரை எழுதுவாரை எம் வகுப்பில் நகைப்போம். வண்டி விஷயத்தில் யாமே அப்பிழையை முதலிற் செய்தோம்.

வெம்மையேறிய வண்டியை நிறுத்தியவுடன் அது குளிரத் தொடங்குகிறது என்றே பலரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. எஞ்சின் ஓடுங்கால் விசிறி காற்றை இழுக்கிறது. தண்ணீர் சுற்றி ஓடுகிறது. புதிய பெட்ரோல் குழாயினூடே வந்து அக்குழாயையே குளிர்விக்கிறது. சாவியைத் திருப்பியதும் இம்மூன்றும் ஒருங்கே நிற்கின்றன. ஆனால் இரும்பிற் சேர்ந்த வெப்பம் எங்கே போகும்? அது மெல்ல மேலேறி, கார்புரேட்டர், பெட்ரோல் பம்பு, காயில் ஆகிய எல்லாவற்றிலும் பரவுகிறது. ஆகவே நிறுத்தியபின் முதற் கால்மணி நேரமே பானட்டின்கீழ் வெப்பம் மிகுந்த காலம். எம் வண்டியின் எஞ்சினில், கலவை உட்செல்லும் வழியும் புகை வெளியேறும் வழியும் ஒரே பக்கத்தில் அமைந்துள்ளன. கார்புரேட்டரின் நிலைமை அடுப்பின்மேல் தொங்கவிட்ட உறிச்சட்டியின் நிலைமையே.

இத்தகைய நோய்க்கு ஊரார் அனைவரும் கூறும் மருந்து ஒன்றுண்டு: பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி போடுதல். பம்பிலும் குழாயிலும் உள்ள பெட்ரோல் வெப்பத்தால் ஆவியாகி, திரவம் வரும் வழியை ஆவியே அடைத்துக்கொள்ளும். அதனைக் குளிர்வித்தால் ஆவி மீண்டும் திரவமாகும். இக்கருத்து பொய்யன்று. பல வண்டிகளில் மெய்யாகவே நிகழ்வதாகும். யாமும் போட்டோம், நாற்பது நிமிடம் கழித்து வண்டி கிளம்பிற்று. துணிக்கு வெற்றி என்று மகிழ்ந்தோம். மறுநாள் துணி போடாமலே காத்திருந்து பார்த்தோம். அப்போதும் நாற்பது நிமிடத்திற் கிளம்பிற்று. துணி செய்தது ஒன்றுமில்லை, காலமே செய்தது. நாட்டில் எத்தனை மருந்துகள் இவ்வாறு பேர்பெற்றிருக்கின்றனவோ, அறியோம்.

இந்நிலையில், முத்தையாபுரத்தில் இருக்கும் முதிய மெக்கானிக் ஒருவரைப்பற்றிக் கேள்வியுற்றோம். துறைமுக லாரிகளில் பல்லாண்டு வேலைசெய்து ஓய்ந்தவர். கைநடுக்கத்தால் இப்போது ஸ்பானர் பிடிப்பதில்லை. அவர் எம் வீட்டுக்கு வந்ததும் பானட்டைத் திறக்கவில்லை. திண்ணையில் அமர்ந்து காபி வாங்கிக்கொண்டு, பாட்டனாரை வினவத் தொடங்கினார்.

“ஐயா, ஓட்டத்தில் எப்போதாவது அணைந்திருக்கிறதா?”

“இல்லை, அண்ணாச்சி. ஓடும்வரை ஓடும், நிறுத்தினால்தான் வம்பு.”

“தள்ளினால் கிளம்புகிறதா?”

“அளத்துக்காரப் பெண்கள் தள்ளினார்கள், உடனே கிளம்பிற்று.”

அவர் சற்று நேரம் பேசாதிருந்து, “நிறுத்தியபின் வண்டிக்குள் என்ன செய்வீர்கள்?” என்றார். பாட்டனார் இவ்வினாவை எதிர்பார்க்கவில்லை. “என்ன செய்வேன்? அவளுக்குத் துணையாய் உட்கார்ந்திருப்பேன். திருநெல்வேலி வானொலியில் பாட்டு வைப்பேன்” என்றார்.

“சாவியைத் திருப்பி வைத்துக்கொண்டா?”

“ஆமாம், இல்லாவிட்டால் ரேடியோ பாடாதே.”

அண்ணாச்சி எம்மை நோக்கி, “தம்பி, நாளைக்கு இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். ஒருமுறை பாட்டோடு, ஒருமுறை பாட்டில்லாமல்” என்று மட்டும் சொல்லி எழுந்தார்.

அவ்வாறே செய்தோம். பழையகாயல்வரை இருமுறை போய்வந்து, வீட்டு முற்றத்தில் நிறுத்திச் சாவியை முற்றிலும் எடுத்துவிட்டோம். பதினைந்து நிமிடங்கழித்துச் சற்றே முரண்டியபோதிலும் வண்டி கிளம்பிற்று. மீண்டும் அதே தூரம் ஓட்டி, அதே இடத்தில் நிறுத்தி, வானொலியை வைத்தோம். பதினைந்து நிமிடங்கழித்து எவ்வளவு திருகியும் கிளம்பவில்லை. ஐயந்தீர மறுநாளும் வரிசையை மாற்றிச் செய்தோம், முடிவு மாறவில்லை.

காரணம் யாது? பழைய வண்டிகளில் பொறியை உண்டாக்குவது காயில். அதனுள் இரண்டு கம்பிச் சுருள்கள் உள. முதற் சுருளில் ஓடும் மின்னோட்டத்தை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள பாயிண்ட் சடுதியில் அறுக்குங்கால், இரண்டாஞ் சுருளில் பல்லாயிரம் வோல்ட்டு எழுந்து பிளக்கிற் பொறியாகிறது. எஞ்சின் நிற்கும்போது பாயிண்ட் மூடிய நிலையில் நின்றுவிட்டால், சாவி திருப்பியிருக்கும்வரை முதற் சுருளில் மின்னோட்டம் ஓயாது ஓடிக்கொண்டிருக்கும். 12 வோல்ட்டு பேட்டரி. சுருளின் தடை ஏறக்குறைய 3 ஓம். ஆகவே 4 ஆம்பியர், அதாவது 48 வாட்டு. ரேடியோ பழுதுபார்ப்பவர் வைத்திருக்கும் சால்டரிங் அயர்ன் ஒன்றை, ஏற்கெனவே கொதிக்கும் பானட்டுக்குள் கால்மணி நேரம் வைத்ததற்கு இஃது ஒக்கும். நல்ல காயிலும் இதனைப் பன்முறை தாங்காது. எங்கள் காயிலின் கம்பிமேற் பூசிய காப்பு நாளடைவில் நலிந்து, வெம்மையில் சுற்றுக்குச் சுற்று மின்னொழுக்கு உண்டாகியிருந்தது. குளிர்ந்தால் சரியாகிவிடும். அதனாலேதான் பட்டறையார் காலையில் சோதித்தபோது எல்லாம் செம்மையாயிருந்தன.

இதனைக் கண்ணாற் காண ஒரு சோதனை உண்டு. பிளக் ஒன்றை ஒயரிற் கோத்து, எஞ்சின் இரும்பின்மேல் படும்படி வைத்து, ஒருவர் செல்பைத் திருக, மற்றொருவர் பொறியைக் காணல். பக்கத்தில் பெட்ரோல் ஒழுக்கோ ஆவியோ இருக்கலாகாது. வெறுங்கையால் ஒயரைத் தொடவுமாகாது. பொறி நீலமாய்ச் ‘சட்’டென்ற ஒலியோடு பாயின் நன்று. மஞ்சளாய், மெல்லியதாய், ஒலியின்றி இருப்பின் தீது. எங்கள் வண்டி குளிர்ந்தபோது நீலம். கிளம்பாத வேளையில் மஞ்சள். உடனே காயிலின்மேல் ஈரத்துணியைச் சுற்றினோம். ஐந்தே நிமிடத்தில் நீலம் திரும்பிற்று. ஊரார் சொன்ன மருந்து சரிதான், இடந்தான் வேறு. இங்குக் கண்டென்சரையும் ஐயுறவேண்டும். அது கெட்டால் பாயிண்டின் முகம் கருகிக் குழிவிழும். எம்முடையது அவ்வாறில்லை. கடன்வாங்கிய காயில் ஒன்றைப் பூட்டிச் சோதித்தபின்னரே புதியது வாங்கினோம்.

இனி, தள்ளினால் கிளம்பியதன் பொருள். செல்ப் மோட்டார் சுழலும்போது பேட்டரியின் வலிவைப் பெரும்பாலும் தானே இழுத்துக்கொள்கிறது. மிஞ்சிய குறைந்த வோல்ட்டே காயிலுக்குக் கிடைக்கிறது. தள்ளினால் முழு வோல்ட்டும் காயிலுக்கே. ஆகவே தள்ளினால் கிளம்பித் திருகினால் கிளம்பாத வண்டியில், பொறி மெலிந்திருப்பதோ, செல்ப் மிகுதியாய் இழுப்பதோ, வழியில் மின் தடைப்படுவதோ ஒன்று நிச்சயம். எங்களதில் இரண்டு இருந்தன. எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையின் முனையில் பச்சை கலந்த வெள்ளைப் பொடி படிந்திருந்தது. திருகும் வேளையில் பேட்டரியின் எர்த் முனைக்கும் எஞ்சின் உடலுக்குமிடையே வோல்ட்மீட்டரை வைத்தால் அரை வோல்ட்டுக்குள் காட்டவேண்டும். எமக்கு ஒன்றரை காட்டிற்று. உப்புக்காற்றின் வேலை இது. தூத்துக்குடியில் பழைய வண்டி வைத்திருப்போர் வேறொன்றும் செய்யாவிடினும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் இப்பட்டையைக் கழற்றித் தேய்த்துக் கிரீஸ் தடவுதல் வேண்டும் என்பது எம் கருத்து.

காயிலும் பட்டையும் மாற்றியபின் நோய் தீர்ந்தது என்றே எண்ணினோம். தீரவில்லை, உருமாறிற்று. வெம்மையில் இப்போது வண்டி கிளம்பிற்று. ஆனால் நெடுநேரம் திருகவேண்டியிருந்தது. கிளம்புங்கால் கரும்புகையும் பெட்ரோல் நாற்றமும் எழுந்தன. இது பெட்ரோல் குறைவன்று, மிகுதி. கார்புரேட்டரின் கிண்ணத்திலுள்ள பெட்ரோல், கீழிருந்து ஏறும் வெப்பத்தாற் கொதித்துப் பொங்கி, உட்குழாயில் வழிந்துவிடுகிறது. பெட்ரோல் ஒரே பொருளன்று, பலவற்றின் கலவை. அதிலுள்ள இலேசான பகுதிகள் 40 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதிக்கத் தொடங்குவன.

வறட்சியா, வெள்ளமா என்று அறிதல் எளிது. காற்று வடிகட்டியைக் கழற்றி, எஞ்சினை ஓட்டாமலே ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால் இழுத்துக் கார்புரேட்டரின் வாய்க்குள் நோக்குக. எங்கள் சோலெக்ஸ் கார்புரேட்டரில், கிண்ணத்தில் பெட்ரோல் இருப்பின் மெல்லிய தாரை ஒன்று பீச்சும். பீச்சாவிடில் கிண்ணம் வறண்டது. அப்போது பம்பையும் குழாயையும் நாடவேண்டும். ஏற்கெனவே உள்ளே ஈரம் மின்னி நாற்றமடிப்பின் வெள்ளம். வெள்ளமாயின் சோக்கை இழுப்பதும், ஆக்சிலேட்டரைப் பலமுறை மிதிப்பதும் மேன்மேலும் பெட்ரோலை ஊற்றுதலாம். பெடலை ஒரேயடியாய் இறுதிவரை மிதித்து, எடாமல் வைத்துக்கொண்டு திருகினால், காற்று மிகுதியாய்ப் புகுந்து வழிந்ததை வெளியேற்றும். நம்மில் பெரும்பாலோர் கிளம்பாத வண்டியில் பெடலை உலக்கைபோல் இடிப்பதைக் கண்டிருக்கிறோம். யாமும் இடித்தவரே.

அண்ணாச்சி மறுமுறை வந்தபோது கார்புரேட்டரின் அடிப்பாகத்தை விரலால் தடவி, “இங்கே இருந்த கட்டை எங்கே?” என்றார். கார்புரேட்டருக்கும் மேனிபோல்டுக்கும் இடையே, வெப்பம் ஏறாதபடி தடித்த பேக்கலைட் துண்டு ஒன்று இருக்கவேண்டுமாம். கார்புரேட்டரைக் கழுவிய பட்டறையில் அது விரிந்துபோயிருந்தமையால், அதனை எறிந்துவிட்டு மெல்லிய காகித கேஸ்கட் ஒன்றை வெட்டிவைத்திருந்தனர். சிறு துண்டு. அது போனதால் இரண்டு நோய் வந்தன. ஒன்று, மேற்கூறிய கொதிப்பு. மற்றொன்று, அக்காகிதம் சரியாய்ப் பொருந்தாமையின் அவ்விடைவெளியிற் காற்று புகுந்தது. ஐடிலிங் நடுக்கத்திற்கு ஒரு பாதிக் காரணம் அதுவே.

ஐடிலிங்கில் எஞ்சின் உறிஞ்சும் கலவை மிகச் சிறிது. ஆதலின் கணக்கிற் சேராத சிறு காற்றும் அங்கே பெருங்கேடு செய்யும். வேகமாய் ஓடுங்கால் அதே ஒழுக்கு தெரியாது. இதனைக் காண அண்ணாச்சி காட்டிய வழி: எஞ்சின் மெல்ல ஓடும்போது எண்ணெய்ச் சொட்டி ஒன்றால் எஞ்சின் ஆயிலைப் பொருத்துவாயைச் சுற்றித் துளித்துளியாக விடுதல். ஓர் இடத்தில் துளி உள்ளே உறிஞ்சப்பட்டது. அக்கணமே எஞ்சினின் குரல் சீராயிற்று. சிலர் இதற்குப் பெட்ரோலையே தெளிப்பர். கொதிக்கும் இரும்பின்மேல் அது தற்கொலைக்கு ஒப்பாகும். பேக்கலைட் துண்டு கடைகளிற் கிடைக்கவில்லை. பழைய வண்டி உடைக்கும் கடையொன்றில் தேடிப் பெற்றோம். அதனைப் பூட்டியபின் வெம்மையில் வண்டி இரண்டாம் திருகலில் கிளம்பியது. நாற்றமில்லை.

நடுக்கத்தின் மற்றப் பாதி எஞ்சியது. நான்கு சிலிண்டரும் ஒத்துழைக்கின்றனவா என்று காணுதற்கு, ஐடிலிங்கில் காப்பிட்ட குறட்டால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாய்ச் சற்றே எடுத்துப் பொருத்தவேண்டும். உழைக்கும் சிலிண்டரின் ஒயரை எடுத்தால் எஞ்சின் தளரும். உழையாததை எடுத்தால் ஒரு வேறுபாடும் தோன்றாது. கூட்டுப்பாட்டில் வாயசைத்து நிற்பவரைக் கண்டுபிடிக்கும் வழியும் இதுவே. மூன்றாவது சிலிண்டர் பாடவில்லை. அதன் பிளக்கை இரண்டாவதற்கு மாற்றினோம். குற்றம் பிளக்கோடு போகவில்லை, மூன்றிலேயே நின்றது. நெருக்கத்தை அளந்தபோது மற்றவை சதுர அங்குலத்துக்கு 120 பவுண்டை ஒட்டியும், மூன்றாவது 80 பவுண்டும் காட்டின. அதற்குள் ஒரு கரண்டி ஆயில் ஊற்றி மீண்டும் அளந்தும் உயரவில்லை. உயர்ந்திருப்பின் பிஸ்டன் வளையம் தேய்ந்தது என்பர். உயராமையின் வால்வு என்று தெளிந்தோம். மூடியைத் திறந்து டேப்பட் இடைவெளியை அளந்தால், அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு இருக்கவேண்டிய இடத்தில், மூன்றாம் சிலிண்டரின் புகைவால்வில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. வெம்மையில் வால்வின் தண்டு நீள, அது முற்றும் மூடாமல் நெருக்கத்தை ஒழுகவிட்டது.

இவ்விடைவெளி ஏன் மறைந்தது என்பதில் ஒரு வரலாறு உளது. முன்னாளில் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. எஞ்சின் தட்டாமல் ஓடுதற்காகக் கலந்த அவ்வீயம், புகைவால்வின் இருக்கைமீது மெல்லிய பூச்சாய்ப் படிந்து, இரும்பும் இரும்பும் ஒட்டித் தேயாதபடி காத்தது. மக்களின் உடல்நலங் கருதி இந்தியா முழுவதும் 2000 பிப்ரவரி முதல் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. குழந்தைகளின் மூளைக்கு ஈயம் செய்யும் தீமையை நோக்க, அது தக்க செயலே. ஆயினும் அதற்குமுன் செய்யப்பட்ட பல எஞ்சின்களில் வால்வு இருக்கை வெறும் வார்ப்பிரும்பு. ஈயத்தின் காப்பின்றி அது சிறிது சிறிதாய்த் தேய, வால்வு மேலே ஏறி அமர்ந்து, இடைவெளியைத் தின்றுவிடுகிறது. எங்கள் எஞ்சினில் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களின் புகை ஒரே துளை வழியாய் வெளியேறுகிறது. ஆதலின் நடுவில் உள்ள அவ்விரண்டிற்கும் வெம்மை மிகுதி. மூன்றாவது முதலிற் கெட்டதில் வியப்பில்லை.

இற்றை நாளில் எத்தனாலைப்பற்றியும் ஒன்று கூறவேண்டும். 2025ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு நூற்றுக்கு இருபதாய் உயர்ந்துவிட்டது. பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடையில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கே போதும். பழைய கார்புரேட்டருக்கு இக்கணக்கு தெரியாது. அது பழைய அளவிலேயே ஊற்றும். ஆகவே கலவையிற் காற்று மிஞ்சி, ஐடிலிங் தடுமாறும். எங்கள் வண்டியில் கலவைத் திருகைக் கால் சுற்றுத் தளர்த்தியதும் ஓரளவு அடங்கிற்று. பழைய ரப்பர்க் குழாய்களையும் எத்தனால் ஊறச்செய்து பிளக்கும். எங்கள் குழாயை வளைத்துப் பார்த்தபோது வெடிப்புகள் தென்பட்டன. தீப்பிடிக்கும் இடமாதலின் மறுநாளே மாற்றினோம். வேறெதை ஒத்திப்போட்டாலும் இதை ஒத்திப்போடலாகாது.

கார்புரேட்டர் இல்லாத, சற்றுப் பிந்திய வண்டி வைத்திருப்போர் இவையெல்லாம் தமக்கு இல்லை என்று கருதவேண்டா. அங்கே காயிலின் இடத்தில் கிராங்க் சென்சார் வெம்மையில் மயங்கி, குளிர்ந்தபின் தெளியும். கொதிக்கும் கிண்ணத்தின் இடத்தில் ஒழுகும் இஞ்செக்டர் வெள்ளத்தை உண்டாக்கும். த்ராட்டில் வாயில் படிந்த கரி ஐடிலிங்கைக் கெடுக்கும். கருவி வேறாயினும், நோய் இருக்கும் நேரத்திலேயே சோதிக்கவேண்டும் என்பதும், ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றவேண்டும் என்பதும் அங்கும் பொருந்தும். ஒரே நாளில் நான்கு உறுப்பை மாற்றினவர், வண்டி சரியானாலும் ஏன் சரியாயிற்று என்பதை அறியமாட்டார்.

டேப்பட்டைச் சரிசெய்தபின் நடுக்கம் பெரிதும் தணிந்தது, ஒழியவில்லை. தேய்ந்த இருக்கை தேய்ந்ததே. எஞ்சினின் தலையைக் கழற்றி, லேத்துப் பட்டறையில் கடைந்து, உறுதியான இருக்கை வளையம் அடித்தால் முற்றும் குணமாகும் என்கிறார் அண்ணாச்சி. இதில் ஒரு சங்கடம். சனிக்கிழமை மாலை பாட்டியாரை வீடுசேர்த்தபின் வண்டியைப் பிரித்தால், செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அது மீண்டும் ஓடவேண்டும். ஞாயிறு பட்டறைகளுக்கு விடுமுறை. எஞ்சியது திங்கள் ஒரு நாள். அம்பாசிடர் தலை ஒன்று வேறெங்கேனும் பழையதாய்க் கிடைத்தால், அதனை முன்னரே கடைந்துவைத்து ஒரே நாளில் மாற்றிவிடலாம் என்று பழைய இரும்புக் கடைகளில் சொல்லிவைத்திருக்கிறோம்.

பாட்டனார் இப்போது வண்டியை நிறுத்தியவுடன் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் இட்டுக்கொள்கிறார். பேட்டரியால் இயங்கும் சிறு வானொலிப் பெட்டி ஒன்று முன்னிருக்கையில் இருக்கிறது. அதன் குரல் போதாது என்று பாட்டியார் குறைகூறுவதாக எம் அன்னையார் எழுதியிருக்கிறார்.